குளிர்ப்பகுதி ஏரிகள், நீர்த்தேக்கங்கள்: ஆழத்தை ஒப்பிட எந்த அளவீட்டு முறை?

பைக்கால் ஏரியின் ஆழம் பழைய நூல்களில் 1,620 மீட்டர் என்று இருக்கும். பிறகு 1,637 என்றார்கள். இன்று ஏற்கப்பட்ட எண் 1,642. உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட ஏரிகளில் ஒன்றுக்கே இப்படியென்றால், அதிகம் அறியப்படாத வடபகுதி ஏரிகளின் பட்டியலைப் பார்த்து "இது ஆழம், அது ஆழமில்லை" என்று சொல்வதில் எவ்வளவு சிக்கல் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஒரு எண் பனிக்கட்டியில் போட்ட துளை வழியாக வந்திருக்கும், இன்னொன்று படகிலிருந்த சோனார் (ஒலி அடித்தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் காட்டும் கருவி) தந்திருக்கும், மூன்றாவது அணை கட்டுவதற்கு முந்தைய நில வரைபடத்திலிருந்து கழித்து எடுத்ததாக இருக்கும்.

ஏரி ஆய்வில் இறங்கும் மாணவர்களும், நீர்வழங்கல், மீன்வளத் துறைகளில் வேலை செய்பவர்களும் தேங்கி நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் நடந்துபோய் அளப்பதா, தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் படகில் போவதா, கரையிலிருந்தே முடித்துவிடலாமா? எங்கள் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எந்த ஆழம் வேண்டும், அது எந்த நீர்மட்டத்திலிருந்து என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் முறை பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். அந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கருவியைத் தேடப் போவதுதான் பலரும் செய்வது.

## எதை வைத்து முடிவு செய்வது

எந்த ஆழம்? அதிகபட்ச ஆழம் ஒரே ஒரு புள்ளியைப் பற்றியது. சராசரி ஆழம் என்பது மொத்தக் கொள்ளளவை நீர்ப்பரப்பால் வகுத்தது. இவை இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்காது. வட அமெரிக்காவின் ஹூரான் ஏரியின் அதிகபட்ச ஆழம் 229 மீட்டர், ஒன்டாரியோவினுடையது 244. ஏறக்குறைய சமம். ஆனால் சராசரி ஆழம் ஹூரானில் 59, ஒன்டாரியோவில் 86. மிச்சிகனோ 281 மீட்டர் வரை போகிறது, ஆனாலும் அதன் சராசரி 85, ஒன்டாரியோவை ஒட்டியே நிற்கிறது. ஏரி எவ்வளவு மெதுவாகக் குளிரும், எப்போது உறையும், பனிக்கட்டிக்கு அடியில் குளிர்காலம் முழுக்க ஆக்சிஜன் தாங்குமா என்ற கேள்விகளுக்குச் சராசரி ஆழம் வேண்டும். நீர் உறிஞ்சும் குழாயை எங்கே வைப்பது, ஆழ்நீர் மாதிரியை எங்கே எடுப்பது என்பவற்றுக்கு அதிகபட்ச ஆழமும் அது இருக்கும் இடமும் வேண்டும்.

குளிர்ப்பகுதிக்கென்றே மூன்றாவது ஓர் ஆழமும் உண்டு: பனிக்கட்டிக்கு அடியில் மிஞ்சும் ஆழம். ஆர்க்டிக் கரையோரச் சமவெளியில் பல ஏரிகள் ஒன்று முதல் மூன்று மீட்டர் ஆழமே உள்ளவை. அங்கே பனிக்கட்டி 2 மீட்டர் வரை தடிக்கும். கோடையில் 1.6 மீட்டரும் 2.6 மீட்டரும் ஆழமுள்ள இரண்டு ஏரிகள் அருகருகே ஒன்றுபோலத் தெரியும். ஏப்ரலில் ஒன்று அடிவரை கட்டியாக உறைந்திருக்கும், மற்றொன்றில் மீன் உயிரோடு இருக்கும். இத்தகைய இடங்களில் அரை மீட்டர் பிழைகூட முடிவையே தலைகீழாக்கிவிடும்.

எந்த நீர்மட்டம்? இயற்கை ஏரியின் மட்டம் ஆண்டுக்குள் சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் பெரிதாகத் தோன்றாது. நீர்த்தேக்கம் அப்படியல்ல. குளிர்நாடுகளில் நீர்மின் தேக்கங்கள் பனி உருகும் காலத்தில் நிரம்பி, மின்தேவை உச்சத்தில் இருக்கும் குளிர்காலம் முழுக்க வடிகின்றன. மலைப்பகுதித் தேக்கங்களில் ஒரே ஆண்டில் 10, 20 மீட்டர் இறங்குவது உண்டு. ஆகவே "ஆழம் 60 மீட்டர்" என்றால் நிறைமட்டத்திலா, அளந்த நாளிலா என்று எழுதியிருக்க வேண்டும்.

இதில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. மட்டம் 10 மீட்டர் இறங்கினால் அதிகபட்ச ஆழம் சரியாக 10 மீட்டர் குறையும். சராசரி ஆழம் அப்படிக் குறையாது. ஓரத்தில் அகலமான ஆழமற்ற பகுதி காய்ந்துபோனால் பரப்பு கொள்ளளவைவிட வேகமாகச் சுருங்கும், சராசரி ஆழம் கூடவும் செய்யும். வடிந்த தேக்கத்தின் சராசரியை நிறைந்த ஏரியின் சராசரியோடு வைத்து ஒப்பிட்டால் இதனால் முடிவு முற்றிலும் தவறிப்போகலாம்.

மற்றவை: எவ்வளவு பிழை தாங்கும், அடித்தரை பாறையா சேறா மூழ்கிய காடா, நீர் தெளிவானதா பழுப்பா, எந்த மாதங்களில் அங்கே போக முடியும். இவற்றைக் கீழே ஒவ்வொரு முறையோடும் பார்க்கலாம்.

## 1. பனிக்கட்டித் துளையும் எடைக்கயிறும்

மிகப் பழைய முறை, இன்றும் மற்ற எல்லா முறைகளையும் சரிபார்க்கப் பயன்படும் முறை. 15 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள துளைகருவியால் துளையிட்டு, எடை கட்டிய கயிற்றையோ கம்பியையோ இறக்கி அளப்பது. படகைப் போலக் காற்றில் நகராத தளம் என்பதால் கயிறு நேராக இறங்கும். படகு நகர்ந்து கயிறு 10 பாகை சாய்ந்தாலே 100 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் கூடுதலாகக் காட்டும். பனிக்கட்டி மேல் அந்தத் தொல்லை இல்லை, நீரோட்டம் பலமாக உள்ள இடம் தவிர.

கயிறு நீளாததாக இருக்க வேண்டும். நைலான் நனைந்தால் நீளும், எடை தொங்கினால் இன்னும் நீளும். மெல்லிய எஃகுக் கம்பி அல்லது டைனீமா போன்ற நீட்சி குறைந்த கயிறு நல்லது. அடியில் மென்சேறு இருந்தால் கூர்மையான எடை புதைந்து அரை மீட்டர், ஒரு மீட்டர்கூடக் கூட்டிக் காட்டும். 15 செ.மீ. விட்டமுள்ள தட்டையான தகட்டை அடியில் பொருத்தினால் சேற்றின் மேற்பரப்பிலேயே நிற்கும்.

அளவை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அதிகப் பிழை நடக்கிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பிலிருந்தும் அளக்கக் கூடாது, அடிப்பரப்பிலிருந்தும் அளக்கக் கூடாது. துளைக்குள் நிற்கும் நீரின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். மிதக்கும் பனிக்கட்டியின் தடிமனில் சுமார் 92 சதவீதம் நீருக்குள் இருக்கும். ஒரு மீட்டர் தடிமன் என்றால் 8 செ.மீ. மட்டுமே நீருக்கு மேலே நிற்கும். அதன் மேல் 30 செ.மீ. இறுகிய வெண்பனி விழுந்தால், அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 300 கிலோ என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 90 கிலோ சுமை. அது பனிக்கட்டியை 9 செ.மீ. அமுக்கும், மேலே இருந்த 8 செ.மீ. போய்விடும். துளை போட்டதும் நீர் பொங்கி மேலே பரவுவது இதனால்தான். அப்போது வெண்பனியில் ஊறிய நீரின் மட்டம்தான் ஏரியின் மட்டம், அங்கிருந்தே அளக்க வேண்டும்.

*மறைந்த செலவு:* துளைகளின் எண்ணிக்கை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 100 மீட்டர் இடைவெளிக் கட்டம் போட்டால் ஏறத்தாழ 100 துளைகள். உறைகுளிரில் கயிற்றின் மேல் பனி படிந்து சுருள்தடி சிக்கும், குறிகள் மறையும். துளைகருவியின் பற்கள் ஈரமாகவே இருந்தால் உறைந்து அடுத்த துளையில் கடிக்காது. ஒவ்வொரு முறையும் துடைத்து உறையிட்டு வைக்க வேண்டும்.

பாதுகாப்பு தனிச் செலவு. தெளிந்த கடினப் பனிக்கட்டி 10 செ.மீ. இருந்தால்தான் ஒருவர் நடந்து போகலாம், பனிவண்டிக்கு அதைவிட அதிகம் வேண்டும். வெண்மையாகக் குமிழியேறிய பனிக்கட்டி ஏறக்குறைய பாதி வலிமையே உள்ளது. நீர்த்தேக்கத்தில் இந்தக் கணக்கும் போதாது. மட்டம் இறங்கும்போது ஓரத்துப் பனிக்கட்டி தரையில் படிந்து, கரைக்கு இணையாக வெடித்து, சில இடங்களில் அடியில் நீரின்றித் தொங்கும். மதகு, உறிஞ்சு வாய், ஆறு சேரும் முனை, ஒடுங்கிய கழுத்து ஆகிய இடங்களில் ஓட்டத்தால் எப்போதும் மெலிந்திருக்கும். இயற்கை ஏரியில் பழகியவர்கள் தேக்கத்தில் ஏமாறுவது இங்கேதான்.

*இது சிறந்தது எப்போது:* அதிகபட்ச ஆழத்தின் இடம் ஓரளவு தெரிந்து, அதை உறுதிப்படுத்த வேண்டும் என்றால். சிறிய ஏரிகள் என்றால். பனிக்கட்டித் தடிமனும் மிஞ்சும் நீரும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால். பெரிய ஏரியின் சராசரி ஆழத்துக்கு இது வேண்டாம். துளையிடுபவர்கள் நடுவில் ஆழமான இடத்திலேயே அதிகம் துளைப்பார்கள், அந்த எண்களைக் கூட்டிச் சராசரி போட்டால் உண்மையைவிட ஆழமாகக் காட்டும்.

## 2. பனிக்கட்டி மேலிருந்து சோனார்

கையடக்கச் சோனாரைப் பனிக்கட்டி மேல் வைத்து, துளையிடாமலே ஆழம் பார்க்கும் வழி. தெளிந்த பனிக்கட்டியைச் சுரண்டி, சிறிது நீர் ஊற்றி, அது உறையும் முன் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பிப் பெறும் தலையை, அழுத்தினால் அளவு கிடைக்கும். இடையில் காற்று சிக்கியிருந்தால் ஒலி உள்ளே இறங்காது. ஆகவே குமிழி நிறைந்த வெண்பனிக்கட்டி, இரு அடுக்குகளுக்கு இடையே வெற்றிடம் உள்ள பனிக்கட்டி, உறைந்த சேறு கலந்த ஓரம் ஆகிய எல்லாவற்றிலும் இது தோற்கும். அங்கே துளை போட்டு டிரான்ஸ்டியூசரை நீருக்குள் இறக்குவதைத் தவிர வழியில்லை.

திருத்தம் இரண்டு வேண்டும். ஒன்று, பனிக்கட்டியில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 3,800 மீட்டர் போகிறது, நீரில் போவதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரு மீட்டர் பனிக்கட்டி கருவிக்கு நாற்பது சென்டிமீட்டருக்கும் குறைவான நீராகத் தெரியும். துளையின் நீர்மட்டத்திலிருந்து உண்மை ஆழம் வேண்டுமென்றால், மேலே வைத்து எடுத்த அளவோடு பனிக்கட்டித் தடிமனில் பாதிக்குச் சற்று மேல் சேர்க்க வேண்டும். 1 மீட்டர் பனிக்கட்டிக்கு 55 செ.மீ. 3 மீட்டர் ஏரியில் இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

மற்றது நீரில் ஒலியின் வேகம். இதை அடுத்த முறையில் விரிவாகப் பார்க்கலாம், பிழை இரண்டுக்கும் பொது.

*மறைந்த செலவு:* தடிமன் தெரியாமல் திருத்த முடியாது, ஆகவே எப்படியும் சில துளைகள் வேண்டும். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், திரை மந்தமாகும். லித்தியம் மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் கெட்டுப்போகும்.

*சிறந்தது எப்போது:* ஆழமான குழியைத் தேடும் முதற்கட்டத்தில். நூறு துளைக்குப் பதில் நூறு தொடல், பிறகு தேர்ந்த இடங்களில் மட்டும் துளை.

## 3. படகிலிருந்து ஒற்றைக்கற்றைச் சோனார்

படகுக்கு நேர் கீழே ஒரே ஒலிக்கற்றையை அனுப்பும் கருவி. பெரும்பாலான ஒப்பீடுகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். கரைக்குச் செங்குத்தாகக் கோடுகள் ஓட்டி, அவற்றைக் குறுக்கே வெட்டும் சில சரிபார்ப்புக் கோடுகளும் ஓட்டி, ஜிபிஎஸ் இடக்குறிப்போடு ஆயிரக்கணக்கான ஆழப் புள்ளிகள் பெறலாம். குறுக்குக் கோடு வெட்டும் இடத்தில் இரண்டு அளவுகளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே அளவீட்டின் தரம் தெரிந்துவிடும்.

குளிர்நீரில் முதல் பொறி ஒலிவேகம். பல கருவிகள் விநாடிக்கு 1,500 மீட்டர் என்று கடல்நீருக்கான வேகத்தோடு வருகின்றன. நன்னீரில் அது 0 பாகை செல்சியஸில் 1,402, 4 பாகையில் சுமார் 1,422, 20 பாகையில் 1,482. 4 பாகை நீரில் 1,500 என்ற அமைப்போடு ஓட்டினால் 100 மீட்டரை 105 மீட்டருக்கு மேலாகக் காட்டும். இரண்டு ஏரிகளுக்கு இடையே 5 மீட்டர் வித்தியாசம் என்று எழுதுவதற்கு முன் இருவரும் என்ன வேகம் வைத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும். கோடையில் மேலே 15 பாகையும் அடியில் 4 பாகையும் இருப்பதால் ஒரே எண் போதாது, ஆழவாரியாக வெப்பநிலை எடுத்துச் சராசரி வேகம் கணக்கிட வேண்டும்.

இலையுதிர் காலத்தில் ஏரி முழுவதும் கலந்து ஏறக்குறைய 4 பாகைக்கு வரும் சில வாரங்களில் இந்தத் தொல்லை போய்விடும், 1,422 என்ற ஒரே எண் போதும். அப்போது நீர்த்தாவரங்களும் மடிந்திருக்கும், பொய்யான அடித்தரை காட்டாது. நீர்த்தேக்கங்களும் அந்நேரம் பெரும்பாலும் நிறைமட்டத்துக்கு அருகில் இருக்கும், படகு ஓரம்வரை போகலாம். ஒரே பயணத்துக்குத்தான் வசதி என்றால் உறைவதற்கு முந்தைய அந்தச் சாளரத்தையே தேர்ந்தெடுங்கள். காற்றும் அலையும் அதிகம் என்பதும், நீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும் என்பதும் அதற்குக் கொடுக்கும் விலை.

இரண்டாவது பொறி கற்றையின் அகலம். 20 பாகைக் கற்றை 100 மீட்டர் ஆழத்தில் 35 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தொடும். கருவி முதலில் திரும்பி வரும் ஒலியைத்தான் ஆழமாகக் கொள்கிறது. 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் ஆழத்தை 92 மீட்டராகக் காட்டும், சரிவின் மேற்பகுதி முந்திக்கொண்டு பதில் தந்துவிடுவதால். பனியாறு குடைந்த ஏரிகளின் செங்குத்துச் சுவர்களுக்கு இடையிலான குறுகிய அடித்தரை இப்படி ஆழம் குறைந்து தெரியும். ஐரோப்பாவின் மிக ஆழமான ஏரியாகச் சொல்லப்படும் நார்வேயின் ஹோர்னின்டால்ஸ்வட்னெட், 514 மீட்டர், அந்த வகையைச் சேர்ந்தது. இங்கே குறுகிய கற்றையுள்ள டிரான்ஸ்டியூசர் தேவை.

மூன்றாவது மூழ்கிய காடு. கனடாவின் வில்லிஸ்டன், சைபீரியாவின் பிராட்ஸ்க் போன்ற பெருந்தேக்கங்கள் நிரம்பியபோது மரங்கள் முழுதாக அகற்றப்படவில்லை. நிற்கும் மரங்களின் உச்சி அடித்தரையாகப் பதியும். மிதக்கும் கட்டைகள் படகுக்கே ஆபத்து.

*செய்முறைச் சுருக்கம்:* டிரான்ஸ்டியூசர் நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து சேருங்கள். ஒரு தகட்டைத் தெரிந்த ஆழத்துக்கு, எடுத்துக்காட்டாக 5, 10 மீட்டருக்கு, கயிற்றில் இறக்கி அதே எண்ணைக் கருவி காட்டுகிறதா என்று வேலைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். 200 கிலோஹெர்ட்ஸ் மென்சேற்றின் மேற்பரப்பைக் காட்டும், 50 கிலோஹெர்ட்ஸ் அதற்குள் ஊடுருவும். இரண்டையும் பதிந்தால் சேற்றின் தடிமனும் தெரியும், ஆனால் ஒப்பிடும்போது எல்லா ஏரிக்கும் ஒரே அதிர்வெண்ணின் எண்ணையே வையுங்கள்.

*சிறந்தது எப்போது:* சராசரி ஆழமும் கொள்ளளவும் வேண்டும் என்றால், பல ஏரிகளை ஒரே முறையில் அளக்க வேண்டும் என்றால்.

## 4. பலகற்றைச் சோனார்

பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல விரித்து, அடித்தரையை இடைவெளியின்றி வருடும் கருவி. 120 பாகை விரிவு என்றால் ஆழத்தைப்போல மூன்றரை மடங்கு அகலமான பட்டை கிடைக்கும். 100 மீட்டர் ஆழத்தில் 350 மீட்டர் அகலம். 3 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர்தான். அதனால் ஆழமற்ற வடக்கு ஏரிகளுக்கு இது வீண். படகின் ஆட்டத்தை அளக்கும் உணரி, நீரின் ஒலிவேகத்தைத் தொடர்ந்து பதியும் கருவி, பதிவுகளைச் சுத்தம் செய்யத் தேர்ந்த ஆள் ஆகிய எல்லாம் உடன் வேண்டும். களத்தில் ஒரு நாள் ஓடினால் மேசையில் பல நாள் வேலை.

ஆழமான, செங்குத்தான ஏரியில் அதிகபட்ச ஆழம் சர்ச்சைக்குள்ளானது என்றால் இதற்கு மாற்று இல்லை. அணையருகே வண்டல் எவ்வளவு ஏறியது என்று ஆண்டுக்கு ஆண்டு பார்ப்பதற்கும் இதுவே. மற்றபடி ஒப்பீட்டுப் பட்டியலுக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

## 5. பழைய வரைபடத்திலிருந்து கழிப்பது

நீர்த்தேக்கத்துக்கு மட்டுமே கிடைக்கும் வசதி. அணை கட்டுவதற்கு முந்தைய நில வரைபடத்தின் உயரத்தை நிறைமட்டத்திலிருந்து கழித்தால் ஆழம் வந்துவிடும். களத்துக்கே போக வேண்டாம். அடுத்தடுத்த உயரக்கோடுகளுக்குள் அடங்கும் பரப்புகளை எடுத்து, இரு பரப்புகளின் கூட்டுத்தொகையோடு அவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தைச் சேர்த்து, இடை உயரத்தில் மூன்றிலொரு பங்கால் பெருக்கினால் அந்த அடுக்கின் கொள்ளளவு. எல்லா அடுக்கையும் கூட்டி மேற்பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம்.

இதில் மூன்று இடத்தில் வழுக்கும். உயரக்கோட்டு இடைவெளி 10 மீட்டர் என்றால் அதற்குள் இருக்கும் பள்ளம் தெரியாது. வரைபடத்தின் மட்ட அடிப்படையும் (உயரத்தை எண்ணத் தொடங்கும் பூச்சிய மட்டம்) அணையின் மட்ட அடிப்படையும் வேறாக இருக்கலாம். நிரம்பிய பிறகு கரை அரித்து வண்டல் படிந்திருக்கும். நிலத்தடி உறைபனி உள்ள பகுதியில் நீர் வெப்பமூட்டிய கரைகள் உருகிச் சரிவதால் இது மிகவும் வேகம்.

அணையின் உயரத்தை ஆழமாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும் தவறு. அணை உயரம் அடித்தளத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, ஆகவே வழக்கமாக ஆழம் அதைவிடக் குறைவு. கியூபெக்கின் மனிகுவாகன் இதற்கு நேர்மாறு. தானியேல் ஜான்சன் அணை 214 மீட்டர் உயரம், தேக்கத்தின் அதிகபட்ச ஆழமோ 350 மீட்டர். ஏற்கெனவே அங்கிருந்த ஆழமான இயற்கை ஏரியின் மேல் நீர் ஏறியதுதான் காரணம். நில வரைபடத்தில் அந்த ஏரி வெறும் நீலப்பரப்பாகத்தான் இருக்கும், அதன் அடித்தரை இருக்காது. மூழ்கிய இயற்கை ஏரி உள்ள தேக்கத்துக்கு இந்த முறை தனியாகப் போதாது.

பழைய ஆழ வரைபடங்களில் அலகையும் பாருங்கள். அடி, 1.83 மீட்டர் கொண்ட ஃபாதம், ரஷ்யாவின் 2.13 மீட்டர் கொண்ட சாஜென் எல்லாம் கலந்து கிடக்கும்.

*சிறந்தது எப்போது:* பெரிய தேக்கங்களின் சராசரி ஆழத்தைத் தோராயமாக ஒப்பிட. பிராட்ஸ்க் தேக்கத்தின் 169 கன கிலோமீட்டரை 5,470 சதுர கிலோமீட்டரால் வகுத்தால் 31 மீட்டர். கொள்ளளவில் அதற்குக் கீழே உள்ள மனிகுவாகனின் சராசரி ஆழம் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். இத்தனை பெரிய வித்தியாசத்துக்கு இந்த முறையின் துல்லியம் தாராளம்.

## 6. ரேடார், லைடார், செயற்கைக்கோள்

நிலத்தை ஊடுருவும் ரேடாரைப் பனிவண்டியின் பின்னால் இழுத்துப் போகலாம். பனிக்கட்டித் தடிமன், நீர் ஆழம், அடிச்சேறு மூன்றும் ஒரே பதிவில் வரும். ஒரு மீட்டர் பனிக்கட்டியைக் கடந்து திரும்ப ரேடாருக்கு 12 நானோவிநாடி, ஒரு மீட்டர் நீருக்குச் சுமார் 60. இரண்டையும் பிரித்து அறிவது எளிது. உப்புக் குறைந்த நன்னீரில் பத்துப் பதினைந்து மீட்டர் வரை நன்றாக வேலை செய்யும், நீரில் கரைந்த உப்பு கூடினால் அலை விழுங்கப்பட்டுவிடும். ஆழமற்ற வடக்கு ஏரிகளுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

வானிலிருந்து பச்சை லேசர் ஒளியை அனுப்பி அது திரும்பும் நேரத்தால் ஆழம் காட்டும் லைடார் ஓரத்துக்கு அருமையானது, ஆனால் தெளிவைப் பார்க்க நீருக்குள் இறக்கும் வெண்தகடு கண்ணுக்கு மறையும் ஆழத்தைப்போல இரண்டு, மூன்று மடங்குக்கு மேல் இறங்காது. ஊசியிலைக் காட்டு ஏரிகளின் நீர் தேநீர் வடிநீர்போலப் பழுப்பு. அங்கே சில மீட்டரோடு முடிந்துவிடும். ஒரு நல்ல உத்தி: பனி உருகுவதற்கு முன் மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் தேக்கத்தின் காய்ந்த ஓரத்தை வானிலிருந்து அளந்து, இலையுதிர் காலப் படகு அளவீட்டோடு இணைப்பது. வெண்பனியும் கரையில் படிந்த பனிக்கட்டியும் போயிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த நாட்கள் மிகக் குறைவு.

செயற்கைக்கோள் ரேடார் ஆழத்தை நேராகத் தராது. மிதக்கும் பனிக்கட்டி வெளிச்சமாகவும், அடியில் ஒட்டிய பனிக்கட்டி இருட்டாகவும் தெரியும். குளிர்காலம் முழுக்க இருட்டின் எல்லை எப்படி நகர்கிறது என்று தொடர்ந்து, அந்தந்த நாளின் பனிக்கட்டித் தடிமனை இணைத்தால் 2 மீட்டருக்குள்ளான ஆழக்கோடுகள் கிடைக்கும். நூற்றுக்கணக்கான ஏரிகளை "அடிவரை உறைவது, உறையாதது" என்று பிரிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

## ஒரே பார்வையில்

| முறை | அதிகபட்ச ஆழம் | சராசரி ஆழம் | பருவம் | முக்கியத் தடை |
|---|---|---|---|---|
| துளையும் கயிறும் | மிக நன்று, இடம் தெரிந்தால் | பலவீனம் | குளிர்காலம் | துளை எண்ணிக்கை, பாதுகாப்பு |
| பனிக்கட்டி மேல் சோனார் | தேடலுக்கு நன்று | நடுத்தரம் | தெளிந்த பனிக்கட்டி உள்ளபோது | குமிழி, தடிமன் திருத்தம் |
| படகு, ஒற்றைக்கற்றை | நன்று, செங்குத்துச் சரிவில் குறைத்துக் காட்டும் | மிக நன்று | இலையுதிர் காலம் சிறப்பு | ஒலிவேகம், மூழ்கிய மரம் |
| பலகற்றை | மிகச் சிறப்பு | மிக நன்று, ஆழமான நீரில் | திறந்த நீர் | செலவு, தேர்ந்த ஆள் |
| வரைபடக் கழிப்பு | நம்ப முடியாது | தோராயத்துக்கு நன்று | எப்போதும் | வண்டல், மட்ட அடிப்படை |
| ரேடார், லைடார், செயற்கைக்கோள் | ஆழமற்றவற்றுக்கு மட்டும் | ஆழமற்றவற்றுக்கு நன்று | முறைக்கேற்ப | உப்பு, பழுப்பு நீர் |

## யாருக்கு எது

பனிச்சாலை போடவோ முகாமுக்கோ குளிர்காலத்தில் நீர் எடுப்பவர்களுக்கு மிஞ்சும் நீர்தான் முக்கியம். கனடாவின் வடமேற்கு ஆட்புலங்களிலும் நூனவுட்டிலும் பனிக்கட்டிக்கு அடியிலுள்ள கொள்ளளவில் 10 சதவீதம் என்ற வரம்பு பின்பற்றப்படுகிறது. ரேடாரும் சில சரிபார்ப்புத் துளைகளும் சேர்ந்தால் அந்தக் கணக்குக்குப் போதும். கணக்கில் அன்றைய தடிமனைப் போடாமல் குளிர்கால முடிவில் எட்டக்கூடிய அதிகபட்சத் தடிமனைப் போட வேண்டும்.

மீன்வளத்துக்காக ஐந்தாறு நடுத்தர ஏரிகளை ஒப்பிடுபவர்கள் படகையே எடுக்கட்டும், எல்லா ஏரிகளையும் ஒரே இலையுதிர் காலத்தில், ஒரே கருவியால், ஒரே கோட்டு இடைவெளியில். கருவி சுமாராக இருந்தாலும் பிழை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாயும், ஒப்பீடு நிற்கும். ஒன்றை உயர்ந்த கருவியாலும் மற்றவற்றைக் கயிற்றாலும் அளந்தால் ஒப்பீடு நிற்காது.

ஆழமான பனியாற்று ஏரியின் உச்ச எண் வேண்டுபவர்கள் முதலில் குறுகிய கற்றைச் சோனாரால் தேடி, பிறகு குளிர்காலத்தில் அந்த இடத்தில் துளையிட்டுக் கம்பியால் உறுதிப்படுத்துவது, பலகற்றை கிடைக்காதபோது நம்பகமான வழி.

ஏரியையும் நீர்த்தேக்கத்தையும் ஒரே பட்டியலில் வைப்பவர்கள் தேக்கத்துக்கு இரண்டு வரி ஒதுக்க வேண்டும்: நிறைமட்டத்தில் ஒன்று, வழக்கமான தாழ்மட்டத்தில் ஒன்று. பைக்காலுக்கே இது பொருந்தும். இர்குட்ஸ்க் அணை வந்த பிறகு அதன் மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்து, இன்று அணையால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. அதனால்தான் ஆழத்தோடு அடித்தரையின் உயரத்தையும் எழுதுவது வழக்கம்: கடல்மட்டத்துக்குக் கீழே 1,186.5 மீட்டர். அணை மதகு எப்படி இயங்கினாலும் அந்த எண் நகராது. உங்கள் பட்டியலிலும் ஒவ்வொரு ஏரிக்கும் இவற்றை எழுதுங்கள்: அளந்த தேதி, அன்றைய நீர்மட்டம், மட்ட அடிப்படை, கருவியில் வைத்த ஒலிவேகம், பனிக்கட்டித் தடிமன், ஆழமான புள்ளியின் இடக்குறிப்பு, அடித்தரையின் உயரம்.